அம்மா செய்த பொருத்தனை என்னைக் கட்டுமா? தேவ நோக்கத்தை அறிவது குறித்து உங்கள் ஆலோசனை வேண்டும்

திருவட்டாறு கணக்காசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவந்த நான் இன்று முதன்முறையாக எழுதுகிறேன். எனக்கு வயது 29. திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தேன். கணிதத்தில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக வேலை செய்கிறேன். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி.

எனக்கு முன் அம்மாவின் வயிற்றில் மூன்று கருக்கள் தங்கவில்லை. நான்காம் முறை கருவுற்றபோது, சபையில் நடந்த முழு இரவு ஜெபத்தில், வேதாகமத்தில் பிள்ளை வேண்டி அழுத அன்னாளைப் போல அழுது, ஆண் பிள்ளை பிறந்தால் அவனை ஊழியத்துக்கே கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்தார்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் சபையார் முன்னிலையில் அதைச் சாட்சியாகவும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்று அழைப்பது வழக்கம் என்பதால், சிறு வயதில் ஊரில் என் பெயரே ‘குட்டி ஐயர்’ என்று ஆகிவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இறையியல் படிப்புக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போனேன். ‘உன் அழைப்பைப் பற்றிச் சொல்’ என்று அங்கிருந்த மூத்தவர் ஒருவர் கேட்டார். அம்மாவின் பொருத்தனையைச் சொன்னேன். ‘அது உன் தாயாருக்கும் கர்த்தருக்கும் நடுவில் நடந்தது, உனக்கும் அவருக்கும் நடுவில் என்ன நடந்தது?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் பெயரும் வரவில்லை.

அதற்குப் பின் தங்கையின் திருமணப் பேச்சு இரண்டு முறை தட்டிப்போயிற்று. சென்ற ஆண்டு மழையில் வழுக்கி விழுந்து அப்பாவின் கால் முறிந்தது. எங்கள் ஊர் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார், பொருத்தனையைச் செலுத்தாத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று சொன்ன நாளிலிருந்து, அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்வதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11 இருந்தது. என்னைக் குறித்துத் தேவனுக்கு நினைவுகள் உண்டு என்று அந்த வசனம் சொல்கிறது. ஆனால் அவை எவை என்று எனக்கு யார் சொல்வார்கள்? அம்மாவின் பொருத்தனை என்னைக் கட்டுமா? கட்டாது என்றால், என் வாழ்வின் நோக்கத்தை நான் எப்படி அறிந்துகொள்வது? பெரியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மார்த்தாண்டம் ஓய்வுபெற்ற போதகர்

தம்பி, உங்கள் தாயாரின் கண்ணீரை முதலில் மதிக்கிறேன். மூன்று பிள்ளைகளை இழந்த ஒரு தாய் இரவெல்லாம் அழுது செய்த ஜெபத்தை எந்தப் போதகனும் இலேசாகப் பேசக் கூடாது. ஆனால் அவர்கள் யாரைப் போல ஜெபித்தார்களோ, அந்த அன்னாளின் கதையை முழுவதும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாம் பிரசங்கங்களில் பெரும்பாலும் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அன்னாள் பொருத்தனை பண்ணினாள், பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள் என்று முடித்துக்கொள்கிறோம். மூன்றாம் அதிகாரத்துக்கு வாருங்கள். சாமுவேல் பல ஆண்டுகளாக ஆலயத்தில் இருக்கிறான்; சணல்நூல் ஏபோத்து என்ற ஆசாரிய உடை அணிந்து பணிவிடை செய்கிறான்; உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறான். அப்படியிருந்தும், சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியவில்லை என்று ஏழாம் வசனம் சொல்கிறது. தாய் அவனை ஆலயத்தின் வாசல்வரை கொண்டுவந்தாள். அவனைப் பெயர் சொல்லி அழைத்தது கர்த்தர். அதையும் அவன் மூன்று முறை ஆசாரியனான ஏலியின் குரல் என்றே நினைத்து எழுந்து ஓடினான். தாயின் ஜெபத்துக்கு அங்கே பெரிய இடம் இருக்கிறது; என்றாலும் கர்த்தருடைய அழைப்பின் இடத்தில் அதை வைக்க வேதம் இடம் கொடுக்கவில்லை. உங்களை நேர்காணலில் கேள்வி கேட்ட மூத்தவர் கடுமையாகப் பேசினார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் கேட்டது இந்த மூன்றாம் அதிகாரத்தின் கேள்விதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஆலயத்தில் ஓப்னி, பினெகாஸ் என்று ஏலியின் குமாரர் இருவர் பிறப்பினாலேயே ஆசாரியராக இருந்தார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதம் உங்களுக்குத் தெரியும். மறுபக்கத்தில், சாமுவேலுக்குப் பின் அன்னாளுக்கு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்த ஐவரை யாரும் பொருத்தனையாகக் கொடுக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள்கூட எழுதப்படவில்லை. ராமாவில் அவர்கள் வயலையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள். அவர்களைக் குறித்துக் கர்த்தருக்கு நோக்கமே இல்லை என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

பொருத்தனையின் சட்டத்தைப் பற்றி: லேவியராகமம் 27ஆம் அதிகாரம், ஒருவன் மனிதரைப் பொருத்தனை பண்ணினால் அதற்கு ஈடாகப் பணம் மதிப்பிட்டுச் செலுத்தலாம் என்று வழி வைத்திருக்கிறது. 20 வயதுமுதல் 60 வயதுவரையான ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி. அதைக் கொடுக்க இயலாத ஏழையாக இருந்தால், அவனுடைய சக்திக்கு ஏற்ப ஆசாரியன் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது. இந்தக் கட்டளையின்படி நீங்கள் இன்று பணம் செலுத்த வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. பொருத்தனையை அற்பமாக எண்ணாத நியாயப்பிரமாணமே, பொருத்தனை பண்ணப்பட்ட ஆளை விடுவிக்கவும் வாசல் திறந்து வைத்திருக்கிறது என்பதை உங்கள் தாயாருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

குலசேகரம் சகோதரன்

போதகர் ஐயாவின் வார்த்தைகளை மரியாதையோடு வாசித்தேன். ஆனாலும் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கிறது. நீ பொருத்தனை பண்ணிக்கொண்டால் அதைச் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த எச்சரிப்பை மெலிதாக்கிவிட்டால், கஷ்ட காலத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நன்மை வந்த பின் மறந்துவிடும் வழக்கத்துக்கு நாமே வழி செய்துவிடுவோம்.

நான் என் சாட்சியைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில், ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று தெளிவாக உணர்ந்தேன். வீட்டுக் கடன் இருந்தது, வளைகுடாவுக்குப் போனேன். பதினொரு ஆண்டுகள் இருந்தேன். கடன் தீர்ந்தது, வீடு கட்டினேன், சம்பளம் உயர்ந்தது, உள்ளே ஒரு நாளும் சமாதானம் இல்லை. யோனாவைப் போலத் தர்ஷீசுக்குப் போகிற கப்பலில் கூலி கொடுத்து ஏறியவன் நான். திரும்பி வந்து, மலையோரக் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் இப்போது ஊழியம் செய்கிறேன். வருமானம் அன்றாடம்தான். ஆனால் இரவில் தூங்குகிறேன். தம்பி, உங்களுக்குப் பதில் வரவில்லை என்பதாலேயே அழைப்பு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சாமுவேலுக்கும் முதல் மூன்று முறை பதில் தெரியவில்லையே.

மார்த்தாண்டம் ஓய்வுபெற்ற போதகர்

சகோதரரின் சாட்சிக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு வேறுபாட்டை மட்டும் காட்ட விரும்புகிறேன். யோனா தான் கேட்ட வார்த்தைக்கு விலகி ஓடினான். சகோதரரும் தாம் உணர்ந்த அழைப்புக்கு விலகிப் போனார். இந்தத் தம்பி எந்தக் குரலுக்கும் விலகி ஓடவில்லை. கேட்காத குரலைக் கேட்டதாகச் சொல்ல மனமில்லாமல் நேர்காணலில் மௌனமாக இருந்தார். அந்த நேர்மையைக் கீழ்ப்படியாமையோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை.

முளகுமூடு ஆசிரியை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். நாங்கள் இதை நேர்ச்சை என்போம். பிள்ளையைக் குருத்துவத்துக்கு நேர்ந்துவிடுவது எங்கள் குடும்பங்களிலும் உண்டு. என் சொந்த அண்ணன் அப்படி நேர்ந்துவிடப்பட்டு, குருமடத்தில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். திரும்பி வந்த பின் ஊர் அவரைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அவர் இப்போது நல்ல தச்சர், நல்ல தகப்பன். ‘பாதியில் வந்தவர்’ என்ற சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

இறைஅழைத்தல் என்றாலே குருத்துவமும் துறவறமும்தான் என்று நாம் எப்படி நினைக்கத் தொடங்கினோம் என்று எனக்குத் தெரியவில்லை. நம்முடைய மாவட்டம் அப்படி நினைக்கக் காரணமே இல்லை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனைப் பணியாளர், மணமானவர். அவருக்கு விசுவாசத்தை அறிமுகம் செய்த டிலனாயும் குரு அல்லர். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி. கைப்பற்ற வந்த நாட்டில் கைதியாகி, பின்பு அந்நாட்டு அரசருக்கே படை பயிற்றுவித்த ஒருவர், துயரத்தில் இருந்த ஓர் அலுவலரிடம் யோபுவின் கதையைச் சொன்னார் என்று எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவர் என்று உலகமே பேசியது. அவர் திருப்பலி நிறைவேற்றியதில்லை, மறையுரை மேடையில் நின்றதில்லை. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். அதற்கு விலை கொடுத்தார்.

கோட்டாறு என்றதும் சவேரியாரையும் நினைக்கிறேன். 1540இல் இந்தியாவுக்கு அனுப்ப, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் முதலில் தெரிந்துகொண்டது அவரை அல்ல. பொபதிலா என்ற வேறொரு தோழரை. அவர் நோயுற்றதால், கடைசி நேரத்தில் அவருடைய இடத்துக்குச் சவேரியார் புறப்பட்டார். நம் கடற்கரை முழுவதும் இன்று தூய சவேரியார் என்று பெயர் வைக்கிறோம். ஒருவருடைய காய்ச்சலினால் காலியான இடத்துக்கு மாற்றாக வந்தவர் அவர் என்பதை நினைக்கும்போது, இறைத்திட்டம் என்பது நாம் எண்ணும் ஒழுங்கில் வந்து சேர வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இஞ்ஞாசியாரின் ஓர் அறிவுரை தம்பிக்குப் பயன்படலாம். மனம் வறண்டு, இருண்டு, கலங்கிக் கிடக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பார் அவர். தங்கையின் திருமணம், அப்பாவின் கால், பிரசங்கியாரின் மிரட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்து அழுத்தும் இந்த நாள்களில், பயத்தினால் குருமடத்துக்கோ இறையியல் கல்லூரிக்கோ விண்ணப்பம் எழுதாதீர்கள். பயம் நீங்கிய ஒரு நாளிலும் அந்த விருப்பம் இருந்தால் அப்போது எழுதலாம்.

நெய்யூர்ப் பக்கத்துச் செவிலியர்

இந்த இழையை இரவுப் பணியின் இடையில் வாசித்தேன். ஒன்றைக் கேட்கலாமா? இங்கே பொருத்தனை பண்ணப்பட்டவர்கள் எல்லாரும் ஆண் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளையைக் குறித்துத் தேவ நோக்கம் என்ன என்று யாரும் இரவெல்லாம் ஜெபிப்பதில்லை. எனக்குச் செவிலியர் படிப்பு தீர்மானிக்கப்பட்டது, வெளிநாட்டு வேலை கிடைக்கும், தம்பிமாரைப் படிக்க வைக்கலாம் என்பதற்காக. பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து அதைச் செய்து முடித்தேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் யாரும் அழைப்பைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஆனாலும் அழைப்பு வந்தது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கடைசி நாளில் இருந்த ஒரு முதியவருக்கு நான் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, இதற்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று அமைதியாகத் தெரிந்தது. ஒளியும் சத்தமும் எதுவும் இல்லை. அன்றுவரை அது சம்பள வேலை. அன்றிலிருந்து சம்பளமும் உள்ள ஊழியம்.

நெய்யூரில் வளர்ந்தவர்களுக்குச் சாமர்வெல் ஐயாவின் கதை தெரிந்திருக்கும். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருவர். அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், தனியாகத் தவித்துக்கொண்டிருந்த மருத்துவரையும் கண்டார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வேலைக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே மூச்சு முட்டித் திரும்பினார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நம் ஊர் மக்களின் வயிற்றுப் புண்களை அறுத்துக் குணமாக்கினார். மலை ஏற வந்தவருடைய கண்ணில் ஒரு வரிசை பட்டது, அவ்வளவுதான். தேவ நோக்கத்தை நாம் ஜெப அறையில் மட்டும் தேடுகிறோம். மருத்துவமனைத் திண்ணையில் காத்திருப்பவர்களின் முகத்திலும் அது எழுதியிருக்கிறது.

தம்பி, நீங்கள் தினமும் யார் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே.

திருவட்டாறு கணக்காசிரியர்

அக்கா, உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினான்கு பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். பெரும்பாலும் பால்வெட்டுகிறவர்களின் பிள்ளைகளும், முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளும். பணம் வாங்குவதில்லை. பின்னக் கணக்கு வராமல் பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஒரு பையன் கடந்த ஆண்டு திரும்பிப் போனான். இதை நான் எழுதாததற்குக் காரணம், இதை ஒரு பொருட்டாக நான் எண்ணியதே இல்லை.

தூத்தூர்க் கரையிலிருந்து

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதையும் இங்கே வைக்கிறேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது என் தம்பி ஆழ்கடலில் இருந்தான். சுறா பிடிக்க வெகுதூரம் போகிறவர்கள் நாங்கள். அவனும் அவனுடைய படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பலர், இதிலும் கடவுளுக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் என் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார்கள். இருபத்தாறு வயதுப் பிள்ளையைக் கடலில் மூழ்கவைப்பதற்கு ஒரு நோக்கம் வைத்திருக்கும் கடவுளை அவர்களால் வணங்க முடியவில்லை.

எங்கள் பங்குத் தந்தை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நாற்பது நாள் தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் லூக்கா 13ஆம் அதிகாரத்தை வாசித்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசும் இடம். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். அந்தச் சாவுக்கு ஒரு விளக்கம் கொடுக்கவும் அவர் முயலவில்லை. ஆண்டவரே விளக்கம் சொல்லாத இடத்தில் நான் என்ன சொல்ல என்று பங்குத் தந்தை கேட்டார். அன்றுதான் அம்மா அவரிடம் வாய்திறந்து பேசினார்கள்.

ஆகவே தம்பியிடம் சொல்கிறேன். உங்கள் அப்பா விழுந்தது மழையினால். மழையில் எங்கள் படகுத்துறையிலும் ஆள்கள் வழுக்கி விழுகிறார்கள். அவர்களுடைய தாய்மார் எந்த நேர்ச்சையும் செய்திருக்கவில்லை. அந்தப் பிரசங்கியார் சொன்னதை உங்கள் வீட்டிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள். ஊழியத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை அதற்குப் பின் பேசலாம்.

குலசேகரம் சகோதரன்

தூத்தூர் அண்ணா, உங்கள் பதிவை வாசித்து அழுதேன். பொருத்தனையைக் குறித்த பயத்தைப் பற்றி நான் எழுதியது உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவரின் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை. அழைப்பைக் குறித்து நான் சொன்னதில் நிற்கிறேன். விபத்தையும் வியாதியையும் தண்டனை என்று நான் சொன்னதில்லை, ஆனால் அப்படிச் சொல்பவர்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்து வாய்மூடி இருந்திருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன்.

மார்த்தாண்டம் ஓய்வுபெற்ற போதகர்

தூத்தூர்ச் சகோதரர் எழுதிய பின், எரேமியா 29ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. வாக்குத்தத்த அட்டையில் 11ஆம் வசனம் தனியாக அச்சிடப்படுகிறது. அது ஒரு கடிதத்தின் நடுவரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள் என்று மகிழ்ச்சியாக அறிவிக்கிறான். எரேமியாவோ 70 ஆண்டு என்று எழுதுகிறார். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைப் பார்க்காமலே பாபிலோனில் இறந்திருப்பார்கள். அவர்களிடம்தான், உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கு ஏதுவானவை என்று கர்த்தர் சொல்கிறார். ‘உன்பேரில்’ என்று ஒருவனிடம் சொல்லப்பட்டதாக நாம் வாசித்துப் பழகிவிட்டோம். ‘உங்கள்பேரில்’ என்று ஒரு ஜனத்தாரிடம் சொல்லப்பட்டது அது. அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இரகசியம் எதுவும் அங்கே மறைத்து வைக்கப்படவில்லை.

எபேசியர் 2:10ஐயும் நினைக்கிறேன். நற்கிரியைகளைத் தேவன் முன்னதாகவே ஆயத்தம்பண்ணியிருக்கிறார். அவற்றில் நாம் நடக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். நடக்கிறவனுக்கு அவை வழியில் எதிர்ப்படும். வரைபடம் முழுவதையும் கையில் தந்தால்தான் புறப்படுவேன் என்று நிற்பவனுக்கு அவை எதிர்ப்பட வழியில்லை. மக்கெதோனியாவுக்குப் போகும் முன் பவுலே இரண்டு முறை தடுக்கப்பட்டார் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘இருக்கிற இடத்திலேயே இரு, அதுவே தேவ சித்தம்’ என்று சொல்லி மனிதரை அடக்கி வைக்கவும் இந்தப் போதனையைப் பயன்படுத்த முடியும். அழைக்கப்பட்ட நிலைமையில் நிலைத்திரு என்ற 1 கொரிந்தியர் 7:20ஐ வாசிப்பவர்கள், விடுதலையாகக் கூடுமானால் அதை நலம் என்று கொள் என்ற அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். நம் முன்னோரான பெண்கள் மார்பை மூட உரிமை கேட்டபோது, பிறந்த நிலைமையில் இருங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் இருக்கவில்லை. பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டு, 1859இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்றார்கள். அந்தப் போராட்டமும் தேவ நோக்கத்துக்குள் இருந்தது என்றே நான் விசுவாசிக்கிறேன். ஆகவே செவிலியர் மகள் எழுப்பிய கேள்வியை நம் சபைகள் தட்டிக்கழிக்கக் கூடாது. பெண்பிள்ளையிடமும் உன் அழைப்பு என்ன என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

மயிலாடியின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். 1806இல் நம் பகுதிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர், மயிலாடியில் இருந்து பத்து ஆண்டுகள் உழைத்து, 1816இல் உடல் நலிந்து புறப்பட்டுப் போனார். அவர் எங்கே இறந்தார், எங்கே அடக்கமானார் என்பது யாருக்கும் தெரியாது. போகும்போது அவர் கையில் பெரிய கணக்கு எதுவும் இல்லை. சில சிற்றாலயங்கள், சில பள்ளிகள். அடுத்த மிஷனரியான மீட் ஐயர் வந்து சேரும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டவர் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம். ரிங்கல்தௌபே ஐயர் தொடங்கிய பள்ளியின் வழியில்தான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. நானும் அங்கே படித்தேன். தம்முடைய வாழ்வின் நோக்கம் நிறைவேறிற்றா என்று அவரைக் கப்பல் ஏறும் நாளில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

திருவட்டாறு கணக்காசிரியர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாம் வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பிறகு லேவியராகமத்தையும் வாசித்தேன். 50 சேக்கல் என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம் என்று கணக்குப் போட்டு, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வெள்ளி என்று சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதைச் செலுத்தத் தேவையில்லை என்று போதகர் எழுதியிருப்பதையும் சொன்னேன்.

பேசியது அப்பா. பொருத்தனை செய்த அந்த இரவில் அப்பா சபையில் இல்லை என்பதும், மறுநாள் கேள்விப்பட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. தூத்தூர் அண்ணனின் பதிவை நான் அவர்களுக்கு வாசித்தபோது, ‘நான் விழுந்ததற்குக் காரணம் என் செருப்பு’ என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், விடியும் முன் தோட்டத்துக்குப் போகும்போது நெற்றி விளக்கில் முந்நூறு மரமும் தெரிவதில்லை, நிற்கிற மரமும் அடுத்த மரத்துக்குப் போகிற தடமும்தான் தெரியும், முப்பது ஆண்டாக அப்படித்தான் வெட்டுகிறேன் என்றார். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அம்மாவின் பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருந்தார்கள். ஆனால் மாலையில், பிள்ளைகள் வந்த பிறகு, வழக்கம்போல உள்ளே போகாமல் திண்ணையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் காரணிப்படுத்தலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முழுவதும் இருந்து பார்த்தார்கள். முடிந்ததும், முன்வரிசையில் இருந்த சிறுவன் மத்தியானம் சாப்பிட்டானா என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவனையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே போய் மரச்சீனி அவித்துக் கொண்டுவந்தார்கள். உபவாசத்தை முடித்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து தாங்களும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் எங்கள் ஐயரை வீட்டுக்கு அழைத்து, பொருத்தனையைக் குறித்து ஒரு ஜெபம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எதற்காக ஜெபம் என்று நான் கேட்கவில்லை. திண்ணையில்தான் ஜெபம் வைக்க வேண்டும், பிள்ளைகள் வருகிற நேரத்தில், என்று மட்டும் சொன்னார்கள்.